விதை கொடுத்த ரிட்லி

1890களில் மலாயாவின் காப்பித் தோட்ட முதலாளிகள் சிலர், சிங்கப்பூருக்கு வந்தால் ஒருவர் கண்ணில் படாமல் போய்விடவே விரும்பினார்கள். அவர் கடன் கொடுத்தவர் அல்லர். வரி வசூலிக்கும் அதிகாரியும் அல்லர். சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநர். பேச்சை எங்கே தொடங்கினாலும் அவர் அதை ரப்பர் மரத்தில் கொண்டுவந்து முடிப்பார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள, பழுப்புப் புள்ளிகள் நிறைந்த விதைகளை எடுத்துக் கையில் திணிப்பார் என்றும், தோட்டத்தின் ஒரு மூலையிலாவது அவற்றை நட்டுப் பார்க்கும்படி வற்புறுத்துவார் என்றும் சொல்வார்கள். முதலாளிகள் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள்.

ஹென்றி நிக்கலஸ் ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிறகு, லண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் பணியாற்றினார். 1887ஆம் ஆண்டில் பிரேசில் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவுக்குச் சென்று அங்குள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்ந்தார். மறு ஆண்டு நவம்பர் மாதம் சிங்கப்பூருக்கு வந்து பூமலையின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 32. அதே 1888ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமம் பெற்றார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டென்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரிட்லி ரப்பரை மட்டுமே கவனித்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. காடுகளில் அலைந்து ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டினார். 1893ஆம் ஆண்டு ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி தம் தோட்டத்தில் பூத்த ஒரு புதிய ஆர்க்கிட் மலரை அவரிடம் கொண்டுவந்து காட்டினார். அதை ஆராய்ந்து, வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தவர் ரிட்லிதான். 1981ஆம் ஆண்டில் அதுவே சிங்கப்பூரின் தேசிய மலரானது.

அவருடைய மனத்தைப் பிடித்துக்கொண்டதோ பூமலையில் நின்ற சில மரங்கள்.

அந்த மரங்கள் வந்த வழி நீண்டது. ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். ரப்பர் விதை சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். அதனால் 100 விதைக்கு 4 விதை என்ற கணக்கில்தான் முளைத்தன. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பூமலையில் நடப்பட்டன. சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்குப் போயின. ரிட்லி வந்தபோது பூமலை மரங்களுக்கு வயது 11. நன்றாக வளர்ந்திருந்தன. ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வது என்பது யாருக்கும் விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம் இருந்தது. அமேசான் காட்டில் பால் எடுப்பவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் ஒரு கொத்து. கோடரி ஆழமாக இறங்கினால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் காயப்படும். அந்த இடத்தில் மரம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான மரங்கள் தாமாக வளர்ந்து நிற்கும் காட்டுக்கு இந்த முறை போதும். நிலம் வாங்கி, காட்டை அழித்து, கன்று நட்டு, 6 அல்லது 7 ஆண்டுகள் காத்திருக்கும் ஒரு தோட்டக்காரருக்கு இது கட்டுப்படியாகாது.

ரிட்லி கத்தியைக் கையில் எடுத்தார். 1890களின் நடுப்பகுதியில் பல மாதங்கள் தொடர்ந்து சோதனைகள் செய்தார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறினார். மறுமுறை புதிய இடத்தைத் தேடாமல், அதே கோட்டின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்தார். பால் மறுபடியும் வடிந்தது. முதல் நாளைவிட அடுத்தடுத்த நாள்களில் அதிகமாக வடிந்தது. காயம்பட்ட பட்டை தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு முன்னிலும் கூடுதலாகப் பால் சுரந்தது. நடுவில் செங்குத்தாக ஒரு வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு கோடுகள், அடியில் ஒரு குவளை என்று அமைத்தபோது மரத்தின் மேல் மீன் முள்ளைப் போன்ற ஒரு வடிவம் தெரிந்தது. வளர்படலத்தைத் தொடாமல் சீவினால், சில ஆண்டுகளில் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் சீவினால்தான் பால் நிறையக் கிடைக்கும் என்பதும் தெளிவாயிற்று.

இந்த உண்மைகளை அவர் பூட்டி வைக்கவில்லை. பூமலை வெளியிட்ட வேளாண்மை இதழில் 1897ஆம் ஆண்டு அச்சிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் தம் மரத்தில் செய்து பார்க்கலாம். அதே காலத்தில் இலங்கையின் பேராதனைப் பூங்காவிலும் ஆய்வுகள் நடந்தன. ரப்பர்ப் பாலை அமிலம் சேர்த்து உறைய வைக்கும் முறை அங்கே ஆராயப்பட்டது. அதுவும் அச்சில் வந்தது.

இருந்தும் தோட்டக்காரர்கள் அசையவில்லை. அவர்கள் பயந்தது நியாயமே. இலங்கையில் 1870களில் காப்பிச் செடியை ஒரு துருநோய் தாக்கியது; சில ஆண்டுகளில் ஒரு தொழிலே அழிந்துபோனது. அங்கே எல்லாவற்றையும் இழந்து மலாயாவுக்கு வந்து மீண்டும் காப்பி நட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய், 7 ஆண்டுகள் எந்த வருமானமும் தராத, இதுவரை எவரும் தோட்டமாகப் பயிரிட்டு இலாபம் பார்க்காத ஒரு காட்டு மரத்தை நடச் சொன்னால் யார்தான் கேட்பார்கள்? பைத்தியக்காரர் என்ற பட்டம் வெறும் கேலி அல்ல. அதில் கொஞ்சம் அச்சமும் இருந்தது.

முதலில் கேட்டவர்களுள் ஒருவர், மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் பேரன் அவர். மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டுவந்தார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தை ரப்பருக்கென ஒதுக்கினார். கன்றுகள் வளரும் காலத்தில், இடையே மரவள்ளியும் நட்டுச் செலவை ஈடுகட்டினார். அதன்பின் புக்கிட் அசகானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய தோட்டத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே நேரத்தில் சிலாங்கூரின் காஜாங் வட்டாரத்தில் ஆங்கிலேயச் சகோதரர் இருவரும் ரப்பர் நட்டனர்.

பிறகு காலமே ரிட்லிக்குத் துணை வந்தது. பிரேசில் மிதமிஞ்சிக் காப்பி விளைவித்ததால் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. மலாயாக் காப்பித் தோட்டங்கள் நொடித்தன. இன்னொரு பக்கம், மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பெருகி டயருக்கு ரப்பர் போதாமல் போனது. நேற்றுவரை ஒதுங்கிப் போனவர்கள் இப்போது பூமலையின் வாசலில் வரிசையாக நின்றார்கள். 1897ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் நின்ற நிலம் சில நூறு ஏக்கர்தான். 1910ஆம் ஆண்டுவாக்கில் அது 500,000 ஏக்கரைத் தொட்டது. பூமலை விதைகளை ஈரமான கரித்தூளில் வைத்துக் கட்டித் தொலைதூரங்களுக்கும் அனுப்பியது. 1917ஆம் ஆண்டுக்குள் அது வழங்கிய விதைகள் 7 மில்லியன்.

இங்கே ஒரு சிறிய கொடுக்கல் வாங்கலைக் குறிப்பிட வேண்டும். 1906ஆம் ஆண்டு டான் கா கீ என்ற சிங்கப்பூர் வணிகர், டான் சே யானிடமிருந்து 180,000 ரப்பர் விதைகளை 1,800 வெள்ளிக்கு வாங்கினார். தம் அன்னாசித் தோட்டத்தில் வரிசைகளுக்கு இடையே அவற்றை நட்டார். பின்னாளில் அவர் ரப்பர்த் தொழிலின் பெருஞ்செல்வராகவும் பள்ளிகளைக் கட்டிய வள்ளலாகவும் விளங்கினார். டான் சே யான் ஏன் தமக்குப் போட்டியாக வரப்போகிறவருக்கு விதை விற்றார்? உலகம் கேட்ட ரப்பரின் அளவுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தின் விளைச்சல் ஒரு துளி. பக்கத்துத் தோட்டக்காரர் மரம் நட்டதால் டான் சே யானின் மரத்தில் பால் குறையப் போவதில்லை. சந்தையில் விலையும் இறங்கப் போவதில்லை. அன்றைய மலாயாத் தோட்டங்கள் அனைத்துக்கும் உண்மையான போட்டியாளர் ஒருவரே. கடலுக்கு அப்பால் இருந்த அமேசான் காடுதான் அது.

லண்டன் சந்தையில் பிரேசிலின் பாரா துறைமுகத்திலிருந்து வந்த ரப்பருக்கே மதிப்பு அதிகம். தோட்ட ரப்பர் புதியது. ஒரு மூட்டை நன்றாக இருக்கும், அடுத்த மூட்டை ஒட்டிப் பிசுபிசுக்கும். வாங்குபவருக்கு அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதில் அக்கறை இல்லை. மலாயா ரப்பர் மட்டம் என்று சொல்லி எல்லாருடைய விலையையும் சேர்த்தே குறைத்துவிடுவார். ஒரு தோட்டத்தின் அலட்சியம் நூறு தோட்டங்களுக்கு நட்டம். ஆகவே பாலை எப்படி வடிகட்டுவது, எவ்வளவு அமிலம் சேர்ப்பது, தகட்டை எப்படிப் புகை போடுவது என்பவை ஒரு முதலாளி தமக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய இரகசியங்களாக இருக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அவை தெரிந்திருந்தால்தான் தமக்கு நல்ல விலை கிடைக்கும்.

நோயும் அப்படித்தான். வேரைத் தாக்கும் வெண்பூசணம் மண்ணுக்குள்ளேயே பரவும். வெட்டுப்பட்டையை அழுகச் செய்யும் பூசணத்தின் நுண்வித்துகள் மழைக்காலத்தில் கத்தியோடும் காற்றோடும் போகும். வேலி அவற்றைத் தடுப்பதில்லை. ஒரு தோட்டம் மட்டும் மருந்தைக் கண்டுபிடித்து மறைத்து வைத்தால், பக்கத்துத் தோட்டத்து நோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தோட்டக்காரர்கள் தங்கள் கூட்டங்களில் இவற்றைப் பேசினார்கள். ரிட்லி நடத்திய இதழில் தங்கள் தோட்டத்தில் கண்டவற்றை எழுதினார்கள். மற்றவர்கள் எழுதியதைப் படித்தார்கள். நிலத்துக்கும் ஆளுக்கும் விலைக்கும் சண்டை போட்டவர்கள், மரத்தைப் பற்றிய அறிவில் மட்டும் கூட்டாளிகளாக இருந்தார்கள்.

அந்த அறிவை மரத்தின் மேல் நாள்தோறும் எழுதிய கைகள் பெரும்பாலும் தமிழர்களுடையவை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தொழிலாளர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். சிங்கப்பூரிலும் வடக்கே செம்பவாங், நீ சூன் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் இருந்தன. இருட்டு விலகும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஒருவர் 300, 400 மரங்களைச் சீவ வேண்டும். உளி ஒரு மயிரிழை அதிகமாக இறங்கினால் மரம் புண்ணாகும். கங்காணியின் ஏச்சு கிடைக்கும். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் சேராது. ரிட்லி எழுதிய விதி ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஆழத்தைக் கண்ணால் அளக்காமல் விரலால் உணரும் திறமை எந்த இதழிலும் அச்சாகவில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் போயிற்று. இன்று சிராங்கூன் சாலையில் பேருந்துக்காக நிற்கும் பலருடைய குடும்பங்களில் பால்மரம் சீவிய பாட்டியோ தாத்தாவோ இருந்திருப்பார்.

தொழிலாளர்களைக் கொண்டுவருவதிலேயே முதலாளிகள் ஒரு பாடம் கற்றார்கள். ஒருவர் பணம் செலவழித்துக் கப்பல் கட்டணம் கொடுத்து ஆள்களை வரவழைப்பார். பக்கத்துத் தோட்டக்காரர் சில காசுகள் கூடுதலாகக் கொடுத்து அவர்களை இழுத்துக்கொள்வார். அப்படியானால் யார் முதலில் செலவழிப்பார்கள்? 1907ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும், ஆள் கணக்குப்படி ஒரு பொது நிதிக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்படும். அதன் பெயர் தமிழர் குடிநுழைவு நிதி. இந்த ஒற்றுமை எல்லாருக்கும் நன்மை செய்தது என்று சொல்ல முடியாது. ஒன்றுகூடப் பழகிய முதலாளிகள், கூலி உயராமல் பார்த்துக்கொள்வதிலும் ஒன்றுகூடினார்கள்.

அதே 1907ஆம் ஆண்டில் லண்டனில் ரப்பர் வளர்ப்போர் சங்கம் தொடங்கப்பட்டது. தனித்தனியே பங்குச் சந்தையில் மோதிக்கொண்ட நிறுவனங்கள், சந்தா கட்டி மலாயாவுக்கு ஆய்வாளர்களை அனுப்பின. ஒரு சோதனையின் முடிவு தெரிய 7 ஆண்டுகள் ஆகும் பயிரில், ஒரு நிறுவனம் மட்டும் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருப்பது கடினம். மேலும் ஒரு தோட்டத்து மண்ணில் பலித்தது இன்னொரு மண்ணில் பலிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குப் பல தோட்டங்கள் தேவை. சிங்கப்பூரிலோ 1911ஆம் ஆண்டில் வணிகர்கள் கூடி ஒரு ரப்பர்ச் சங்கம் அமைத்து, இங்கேயே ஏலம் நடத்தத் தொடங்கினார்கள். அதுவரை விலை பேச எல்லாம் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது.

ரிட்லி 1907ஆம் ஆண்டில் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 1912ஆம் ஆண்டுக்குள் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1914ஆம் ஆண்டில் தோட்ட ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை முந்தியது. அதே ஆண்டு ரப்பர்த் தோட்டக்காரர்கள் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கினார்கள். அவர் கொடுத்த விதைகளால் கோடீசுவரர் ஆனவர்கள் பலர். அவர் ஓர் அரசாங்க அதிகாரியின் ஓய்வூதியத்தோடு கியூ பூங்காவுக்கு அருகில் குடியேறினார். காலை எழுந்ததும் பூங்காவின் உலர்செடித் தொகுப்புக்குப் போவதும் எழுதுவதுமாக இருந்தார். 1922 முதல் 1925 வரை மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 5 பாகங்களாக வெளிவந்தது. விதைகள் காற்றிலும் நீரிலும் பறவைகளின் வயிற்றிலும் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1930ஆம் ஆண்டில் முடித்தார்.

மலாயாவில் இதற்குள் நிலைமை தலைகீழானது. எல்லாருக்கும் விதை, எல்லாருக்கும் முறை என்று ஆனதால், எல்லாரும் நட்டார்கள். 1910ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கிற்கு மேல் விற்றது. 1921ஆம் ஆண்டில் ஒரு ஷில்லிங்கிற்கும் கீழே விழுந்தது. பகிர்ந்த அறிவு தொழிலை வளர்த்தது. அளவுக்கு மீறியும் வளர்த்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் 1922ஆம் ஆண்டில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ராவும் ஜாவாவும் அதில் சேரவில்லை. தாங்கள் பாட்டுக்கு நட்டுக்கொண்டே போனார்கள். அவர்களிடம் ஒரு புதிய உத்தியும் இருந்தது. பால் அதிகம் தரும் மரத்தின் மொட்டை எடுத்து இளங்கன்றில் ஒட்ட வைத்து, அந்தத் தாய்மரத்தின் குணத்தையே கொண்ட மரங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கினார்கள்.

விலை விழுந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டமும் செலவைக் குறைக்கவே பார்க்கும். ஆய்வுக்குச் சந்தா கட்டுவதுதான் முதலில் நிற்கும். கட்டாதவருக்கும் அறிவு கிடைத்துவிடுகிறது என்னும்போது, கட்டுபவர் ஏமாளியாக உணர்வார். குடிநுழைவு நிதியில் கண்ட அதே சிக்கல்தான். அதே வழியில்தான் அது தீர்ந்தது. 1925ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு, கோலாலம்பூரில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் உருவானது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது ஒரு சிறு தீர்வை. பெரிய நிறுவனத்தின் ரப்பரானாலும் 5 ஏக்கர் வைத்திருப்பவரின் ரப்பரானாலும் தீர்வை உண்டு. அதைக் கொண்டு ஆய்வு. முடிவு அனைவருக்கும் பொது. சிறு தோட்டக்காரர்கள் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று முறையிட்டதும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் ஆய்வுகள் பெருந்தோட்டங்களின் தேவையையே சுற்றிவந்தன.

அக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய கலப்பு முயற்சிகளில் இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய், சிர் 1 என்ற மரம். ஜாவாவில் டச்சுக்காரர்களின் தோட்டத்தில் தோன்றியது. தந்தை, பி.பி. 86, சிலாங்கூரில் பிராங் பெசார் என்ற தனியார் தோட்டம் உருவாக்கியது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டம் அது. மலாய் மொழியில் அப்பெயருக்குப் பெரும் போர் என்று பொருள். இன்று அந்த நிலத்தில்தான் புத்ராஜெயா நகரம் நிற்கிறது. சந்தையில் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்த்த இரண்டு நாட்டுத் தோட்டங்களின் மரங்கள், பொதுக் கழகத்தின் நிலத்தில் இணைந்தன. பிறந்த மரத்துக்கு ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று பெயர். சாதாரண விதையில் முளைத்த பழைய மரங்கள் ஏக்கருக்கு ஆண்டுக்கு 400, 500 பவுண்டு ரப்பர் தந்தன. இது அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் தந்தது. மலேசியாவில் மட்டுமன்றித் தாய்லாந்திலும் கேரளத்திலும் அது பரவலாக நடப்பட்டது.

அந்த மரம் தோட்டங்களில் பெருகுவதற்குள் ரிட்லி முதுமையின் எல்லைக்கு வந்துவிட்டார். 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவருக்கு 100 வயது நிறைந்தது. மறு ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி கியூவில் காலமானார். அவர் வேலை பார்த்த பூமலை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த மதிப்பைப் பெற்றுத் தந்தவற்றுள் ரப்பர் ஆய்வும் ஒன்று.

அவர் வகுத்த மீன்முள் வடிவம் இப்போது மரங்களில் இல்லை. அத்தனை கோடுகள் தேவையில்லை, பாதி மரத்தைச் சுற்றிவரும் ஒரே சாய்வுக்கோடு போதும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் விடியற்காலையில் உளியோடு போகும் தொழிலாளி இன்றும் புதிய இடத்தில் வெட்டுவதில்லை. நேற்றைய கோட்டின் கீழ் விளிம்பில் காகிதம் போல ஒரு சீவல் எடுக்கிறார். பால் சொட்டத் தொடங்கியதும் மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறார்.